விமானம் எழும்; பங்கு எழுமா?

உலகில் பயணங்கள் குறையும் காலங்களில் எல்லாம் எம்மவரிடையே ஒரு பேச்சு எழுவது வழக்கமாகிவிட்டது. "விமான நிறுவனங்களின் பங்குகள் விழுந்து கிடக்கின்றன. சனம் எப்படியும் திரும்பப் பறக்கத்தானே போகின்றது? இப்போது வாங்கிப் போட்டால் இரண்டு மடங்கு" என்பதே அப்பேச்சு. 2020இல் கொரோனாத் தொற்று வானத்தை வெறுமையாக்கியபோது இது கேட்டது. 2025 யூன் மாதத்தில் இஸ்ரேல் - ஈரான் மோதலினால் வளைகுடா நாடுகளின் வான்பரப்புச் சில மணிநேரம் மூடப்பட்டபோதும் கேட்டது. சீட்டில் எடுத்த காசையும் வங்கியில் பெற்ற கடனையும் கையில் வைத்துக்கொண்டு இதைக் கேட்போர் பலர் என்பதனால், இதனை விரிவாக ஆராய்வது எமது கடமையாகின்றது.

இவ்வாதத்தின் முற்பாதி சரியானது. வளைகுடாவின் வரலாறே இதற்குச் சான்று. 1990 ஓகஸ்ட் 2ஆம் நாள் ஈராக்கியப் படைகள் குவைத்தினுள் புகுந்தபோது அங்கிருந்த இலங்கை, இந்தியத் தொழிலாளர்கள் யாவற்றையும் கைவிட்டு வெளியேறினர். அம்மான் ஊடாக இந்தியர்களை மட்டுமே ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட எண்ணிக்கையில் விமானங்கள் ஏற்றிச்சென்றன. போர் முடிந்த பின்னர் அதே குவைத்துக்கு மீண்டும் எமது மக்கள் வேலை தேடிப் போயினர். 2003இன் ஈராக் போர், 2008இன் நிதி நெருக்கடி, 2014இன் எண்ணெய் விலை வீழ்ச்சி என ஒவ்வொன்றின் பின்னரும் பயணம் மீண்டது.

பிற்பாதியே ஆபத்தானது. பயணம் மீள்வதும் விமான நிறுவனம் மீள்வதும் அந்நிறுவனத்தின் பழைய பங்காளர் மீள்வதும் மூன்று வெவ்வேறு விடயங்கள். இம்மூன்றையும் ஒன்றெனக் கொள்வதிலேயே ஏழைகளின் பணம் தொலைகின்றது.

விற்பனைக்கு இல்லாத பெயர்கள்

வளைகுடா விமானங்கள் என்றதும் எமது நினைவுக்கு வருவது எமிரேட்ஸ். 1985இல் தொடங்கப்பட்ட அந்நிறுவனம் டுபாய் அரசின் முதலீட்டு நிறுவனத்துக்கு முழுவதும் சொந்தமானது. 2020 மார்ச் இறுதியில் அது தனது பயணிகள் சேவையை நிறுத்தியது. 2020 - 21 நிதியாண்டில் பயணிகள் தொகை 88 விழுக்காடு வீழ்ந்தது. விமான நிறுவனத்தின் நட்டம் 20.3 பில்லியன் திர்ஹம். டுபாய் அரசு 11.3 பில்லியன் திர்ஹத்தை மூலதனமாகக் கொடுத்து அதைத் தாங்கிப் பிடித்தது. 2022 - 23இல் எமிரேட்ஸ் குழுமம் 10.9 பில்லியன் திர்ஹம் இலாபம் கண்டது.

இப்பெரும் வீழ்ச்சியிலும் எழுச்சியிலும் பொதுமக்களுக்குப் பங்கில்லை. எமிரேட்ஸின் பங்குகள் எந்தப் பங்குச்சந்தையிலும் விற்கப்பட்டதில்லை. கட்டார் எயர்வேய்ஸ் நிறுவனமும் அரசின் உடைமையே. ஆகவே "எமிரேட்ஸ் பங்கு மலிவாக எடுத்துத் தருகின்றோம்" என்று எவரேனும் உங்கள் வீட்டு வாசலுக்கு வருவாராயின், அவர் பொய்யர் என்பதற்கு வேறு ஆதாரம் தேவையில்லை.

மீட்சியின் பெரும்பகுதி அரசுகளுக்குள் தங்கிவிட, சிறு முதலீட்டாளருக்குக் கிடைப்பவை சிலவே. ஐக்கிய அரபு இராச்சியத்தில் எயர் அரேபியா, குவைத்தில் ஜசீரா எயர்வேய்ஸ், சவூதி அரேபியாவில் 2025 யூனில் சந்தைக்கு வந்த பிளைநாஸ் ஆகியவை அவற்றுட் குறிப்பிடத்தக்கவை. பிளைநாஸ் 80 றியாலுக்கு விற்ற பங்கு, மேற்கூறிய மோதல் நடந்துகொண்டிருந்த வாரத்திலேயே சந்தையில் ஏறியது. முதல்நாள் முடிவில் விற்ற விலைக்கும் கீழே நின்றது.

ஒரு திர்ஹத்தின் இரு கதைகள்

டுபாய் பங்குச்சந்தையில் ஒரே விலைக்கு விற்கப்பட்ட இரண்டு பங்குகளை ஒப்புநோக்குவோம்.

ஷார்ஜாவைத் தளமாகக் கொண்டு 2003 ஒக்ரோபரில் பறக்கத் தொடங்கிய எயர் அரேபியா, 2007இல் தனது பங்குகளில் 55 விழுக்காட்டை ஒன்று ஒரு திர்ஹமாகப் பொதுமக்களுக்கு விற்றது. அடுத்த ஆண்டே உலக நிதி நெருக்கடி வந்தது. அப்பங்கு ஒரு திர்ஹத்துக்குக் கீழே இறங்கிப் பல ஆண்டுகள் அங்கேயே கிடந்தது. 2020இல் நிறுவனம் 192 மில்லியன் திர்ஹம் நட்டமடைந்தது. 2021இல் 720 மில்லியன் இலாபம் ஈட்டியது. 2023இல் பங்கின் விலை இரண்டு திர்ஹத்தையும் கடந்து நின்றது.

டுபாய் கேளிக்கைப் பூங்கா நிறுவனம் 2014 இறுதியில் அதே ஒரு திர்ஹத்துக்குப் பங்குகளை விற்றது. பாலைவனத்தில் பெரும் கேளிக்கைப் பூங்காக்கள் எழும், உலகின் உல்லாசப் பயணிகள் திரண்டு வருவர் என்பதே அதன் கனவு. 2016இல் பூங்காக்கள் திறக்கப்பட்டன. எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை. கடனோ மலையாக இருந்தது. கொரோனாவுக்கு முன்னரே நலிந்திருந்த அந்நிறுவனத்தை அதன் பெரும் பங்காளரான மெராஸ் தன்னுடையதாக்கிக்கொண்டபோது, சிறு பங்காளருக்குக் கிடைத்த விலை ஒரு பங்குக்கு எட்டு பில்ஸ். நூறு பில்ஸ் கொண்டது ஒரு திர்ஹம். நூறு போட்டவருக்கு எட்டு மிஞ்சியது எனலாம்.

இரண்டும் ஒரே நாட்டில், ஒரே சந்தையில், பயணத்தையே நம்பிய தொழில்கள். வேறுபாடு எங்கே?

முதலாவது, பயணியின் தேவை. எயர் அரேபியாவில் ஏறுபவர்களில் பெருந்தொகையினர் தொழிலாளர்கள். சென்னைக்கும் கோயம்புத்தூருக்கும் கொழும்புக்கும் விடுமுறையிற் செல்பவர்கள். தாயின் மரணச் சடங்குக்கும் தங்கையின் திருமணத்துக்கும் ஓடுபவர்கள். அவர்கள் பயணத்தைத் தள்ளிப்போடலாம், கைவிட முடியாது. கேளிக்கைப் பூங்காவுக்கு வருபவர் வேறொரு நாட்டுக்குப் போகலாம், வீட்டிலும் இருக்கலாம். இரண்டாவது, கடன். மலிவுக் கட்டண நிறுவனமான எயர் அரேபியா பெரும்பாலும் ஒரே வகை விமானங்களைக் கொண்டு செலவைச் சுருக்கிக் கையிருப்பை வைத்திருந்தது. பூங்கா நிறுவனம் வருமானம் வருமுன்னரே கடனைச் சுமந்தது. பயணம் நின்றுபோன மாதங்களில் விமானம் தரையில் நிற்கலாம், வட்டி நிற்பதில்லை.

எனினும் எயர் அரேபியாவை நாம் இங்கு பரிந்துரைப்பதாக எவரும் கொள்ளலாகாது. 2018இல் டுபாயின் அப்ராஜ் என்ற முதலீட்டு நிறுவனம் சரிந்தபோது, எயர் அரேபியா அங்கே 336 மில்லியன் டொலர் வரை சிக்கவைத்திருந்தது வெளியாகியது. அவ்வாண்டு விமானங்கள் நிறைந்து பறந்தன. நிறுவனமோ நட்டக் கணக்குக் காட்டியது. பயணிகள் கூட்டத்தைப் பார்த்துப் பங்கின் நலத்தை அளக்க முடியாது என்பதற்கு இதுவும் ஓர் எடுத்துக்காட்டு.

பிழைத்த நிறுவனம், அழிந்த பங்கு

நோர்வேயில் வாழும் எமது வாசகர்கள் நோர்வீஜியன் விமான நிறுவனத்தை நன்கறிவர். அதன் விமானங்கள் இன்றும் பறக்கின்றன. ஆனால் 2020 மே மாதத்தில் கடன்காரர்களும் விமானங்களை வாடகைக்கு விட்டவர்களும் தமது கடனுக்கு ஈடாகப் பங்குகளைப் பெற்றபோது, பழைய பங்காளர்களின் கையில் எஞ்சியது ஏறத்தாழ ஐந்து விழுக்காடு மட்டுமே. பெயர் பிழைத்தது, சீருடை பிழைத்தது, பங்காளர் பிழைக்கவில்லை.

இன்னொரு வழியும் உண்டு. பிரித்தானிய எயர்வேய்ஸின் தாய் நிறுவனமான ஐ.ஏ.ஜி. 2020இல் 2.74 பில்லியன் யூரோ திரட்டுவதற்காக உரிமைப் பங்குகளை வெளியிட்டது. அதாவது, உள்ள பங்காளர்கள் மேலும் பணம் போட்டாலே தமது பங்கின் அளவைக் காத்துக்கொள்ளலாம். அவ்வாண்டு பெப்ரவரியிலேதான் தனது பங்கை 25.1 விழுக்காடாக உயர்த்தியிருந்த கட்டார் எயர்வேய்ஸ் மேலும் பணம் போட்டது. அரசின் பணப்பை அதற்குப் பின்னால் இருந்தது. மாதச் சம்பளத்தில் வீட்டு வாடகை கட்டும் ஒருவருக்கு அப்பணப்பை ஏது?

அரசுப் பணம் உள்ளவர்களும் தவறியதுண்டு என்பதை மறத்தலாகாது. 1990களில் சுவிஸ் எயர் நிறுவனம் பெல்ஜியத்தின் சபேனா முதலான நலிந்த நிறுவனங்களின் பங்குகளை வாங்கிக் குவித்தது. 2001 ஒக்ரோபர் 2ஆம் நாள் எரிபொருளுக்கும் காசின்றி அதன் விமானங்கள் தரையில் நின்றதை சுவிற்சர்லாந்து வாழ் எம்மவர் மறந்திருக்கமாட்டார்கள். அதே பாதையில் அபுதாபியின் எதிஹாட் சென்றது. எயர் பேர்லின், அலித்தாலியா, இந்தியாவின் ஜெட் எயர்வேய்ஸ் ஆகியவற்றில் அது பங்கு வாங்கியது. முதலிரண்டும் 2017இல் வங்குரோத்து நடைமுறைக்குள் சென்றன. ஜெட் எயர்வேய்ஸ் 2019 ஏப்ரலில் பறப்பதை நிறுத்தியது. அது மீளும் என்று நம்பிப் பங்கை வைத்திருந்த இந்தியச் சிறு முதலீட்டாளர்களின் நம்பிக்கை, 2024 நவம்பரில் இந்திய உச்ச நீதிமன்றம் நிறுவனத்தைக் கலைக்கும்படி ஆணையிட்டதோடு முடிந்தது.

எமது தாயகத் தீவின் கதையும் இதுவே. 1998இல் எமிரேட்ஸ் நிறுவனம் 70 மில்லியன் டொலருக்கு ஸ்ரீலங்கன் விமான நிறுவனத்தின் 40 விழுக்காட்டை வாங்கி நிர்வாகத்தையும் ஏற்றது. 2001 யூலையில் நிகழ்ந்த கட்டுநாயக்காத் தாக்குதலில் விமானங்கள் பல அழிந்தன. உல்லாசப் பயணிகள் வரவு வீழ்ந்தது. 2008இல் நிர்வாகம் கைமாறியது. 2010இல் எமிரேட்ஸ் தன் பங்குகளை இலங்கை அரசுக்கு 53 மில்லியன் டொலருக்கு விற்று வெளியேறியது. விமானத் தொழிலின் நெளிவு சுளிவுகளை அறிந்த நிறுவனமே பங்குக்குக் கொடுத்த விலையைத் திரும்பப் பெறவில்லை.

எம்மவர் கணக்கு

இப்போது எமது நிலைக்கு வருவோம். டுபாயில் விடுதி ஒன்றிலோ விமான நிலையத்திலோ பணிபுரியும் ஒருவர், பயணம் குறைந்த காலத்தில் விமானப் பங்கு வாங்குகின்றார் என்று வைத்துக்கொள்வோம். பயணம் மேலும் குறைந்தால் அவரது பங்கு விழும். அதே காரணத்தினால் வேலையும் போகும். வேலை போனால் விசாவும் போகும். 2020இல் வளைகுடாவில் இருந்து திரும்பிய பல்லாயிரவருக்கு நேர்ந்தது இதுதான். சம்பளம் வருகின்ற கிணற்றிலேயே சேமிப்பையும் இறைப்பது அறிவுடைமையாகாது.

ஐரோப்பாவிலும் கனடாவிலும் இருப்போருக்கு இன்னொரு சிக்கல் உண்டு. திர்ஹம் 1997 முதல் ஒரு டொலருக்கு 3.6725 என்று கட்டப்பட்டுள்ளது. ஆகவே வளைகுடாப் பங்கை வாங்குபவர் விமானத்தின்மீது மட்டுமன்றி டொலரின்மீதும் பந்தயம் வைக்கின்றார். பங்கு ஏறி டொலர் இறங்கினால் இலாபம் வழியிலேயே கரைந்துவிடும்.

எல்லாவற்றிலும் பெரியது காலம். 2007இல் எயர் அரேபியா பங்கை வாங்கியவர், போட்ட பணத்தின் மதிப்பை மீண்டும் காண ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார். காத்திருக்க முடிந்தவரே மீண்டார். தஞ்சக் கோரிக்கையின் முடிவை எதிர்நோக்கி இருப்பவருக்கு நாளை ஒரு கடிதம் வந்தால், சட்டத்தரணிக்கு அந்தக் கிழமையே காசு கட்டவேண்டும். ஊரில் தகப்பனார் நோயுற்றால் அன்றே அனுப்பவேண்டும். அவ்வாறான அவசரங்கள் பங்கின் விலை தாழ்ந்திருக்கும் நாளிலேயே வருவது எமது அனுபவம். தாழ்ந்த விலையில் விற்க நேர்ந்தவருக்கு, மூன்றாண்டுகளின் பின்னர் விலை இரட்டித்தது என்ற செய்தியால் பயன் யாது?

ஆகையினால் எவரேனும் இத்தகைய பங்கைக் காட்டி ஆசையூட்டும்போது நாம் கேட்கவேண்டிய வினாக்கள் நான்கு. இந்நிறுவனத்தின் பெரும் உடைமையாளர் யார், நெருக்கடியில் அவர் சிறு பங்காளரை என்ன செய்வார்? ஓராண்டு வருமானம் நின்றாலும் வட்டியும் சம்பளமும் கட்டுமளவுக்குக் கையிருப்பு உண்டா? அதன் பயணி தேவையினாற் பறப்பவரா, விருப்பினாற் பறப்பவரா? இறுதியாக, நான் போடும் இப்பணம் ஐந்தாண்டுகள் இல்லாமல் எனது குடும்பம் வாழுமா?

நான்காவது வினாவுக்கு 'ஆம்' என்று சொல்லக்கூடியவர்கள் முதல் மூன்றையும் ஆராய்ந்து தமது முடிவை எடுக்கட்டும். அது அவர்களது உரிமை. 'இல்லை' என்போர் முதல் மூன்றையும் ஆராய வேண்டியதில்லை. சீட்டுக் காசும் கடன் காசும் பங்குச்சந்தைக்கு உரியவை அல்ல.

வளைகுடாவின் வானம் இனியும் மூடும், இனியும் திறக்கும். திறக்கும் நாளில் விமானத்தில் ஏறி உறவினரைக் காணச் செல்வதற்கு ஒரு பயணச்சீட்டுக்கான காசு கையில் இருக்குமாயின், எம்மைப் போன்றவர்களுக்கு அதுவே முதலில் காக்கவேண்டிய முதலாகும்.