அன்பும் கணக்கும்: கில்பர்ட் ஓசல்லிவனின் இரு வழக்குகள்

வெகுசனப் பாடகர் ஒருவரின் வரலாற்றை விற்பனைப் பட்டியல்களின் துணைகொண்டு எழுதுவதே பெருவழக்கு. அயர்லாந்தின் வாட்டர்ஃபோர்ட் நகரில் 1946-இல் பிறந்த கில்பர்ட் ஓசல்லிவனைப் பற்றியும் அவ்வாறே எழுதி வருகிறார்கள். நாம் சற்று விலகி நின்று பார்க்க விரும்புகிறோம். அவருடைய படைப்பு வாழ்வின் உட்பொருள் பாடல்களில் மட்டுமன்று, அவற்றின்பொருட்டு நடந்த இரண்டு வழக்குகளிலும் அடங்கியிருக்கிறது என்பது நம் கருத்து.

இயற்பெயர் ரேமண்ட் எட்வர்ட் ஓசல்லிவன். சிறுவயதிலேயே குடும்பம் இங்கிலாந்தின் ஸ்விண்டனுக்குக் குடிபெயர்ந்தது. ஓவியக் கல்லூரியில் பயின்று, லண்டன் துணிக்கடையொன்றில் வேலை பார்த்துக்கொண்டே பாட்டெழுதிய இந்த இளைஞரைக் கண்டெடுத்தவர் கார்டன் மில்ஸ். டாம் ஜோன்ஸ், எங்கல்பர்ட் ஹம்பர்டிங்க் ஆகியோரை உலகறியச் செய்த மேலாளர் அவர். நம் சென்னையில் பிறந்து வேல்ஸில் வளர்ந்தவர் என்பது உபரிச் செய்தி. 'கில்பர்ட்' என்ற பெயர் மில்ஸைச் சந்திக்கும் முன்பே அவருக்குச் சூட்டப்பட்டிருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இசைநாடக இரட்டையர் கில்பர்ட், சல்லிவன் ஆகியோரின் பெயரை வைத்து ஆடிய சொல்விளையாட்டு அது. ஆனால் தட்டைத் தொப்பி, அரைக்கால் சட்டை, கிண்ணத்தைக் கவிழ்த்து வெட்டியது போன்ற தலைமுடி என்ற அந்த ஊமைப்படக் கோலம் முழுக்க ஓசல்லிவனின் சொந்தக் கற்பனை. மில்ஸுக்கு அது பிடிக்கவே இல்லை.

1970-இல் வெளிவந்த 'நத்திங் ரைம்ட்' அவரை அறிமுகப்படுத்தியது. 1972-இல் 'அலோன் அகெய்ன்' அமெரிக்கப் பட்டியலில் ஆறு வாரங்கள் முதலிடத்தில் நின்றது. மாணவப் பருவத்தில் நண்பர் ஒருவரின் ஒலிநாடாவில் அதை முதன்முதலாகக் கேட்டபோது, இனிய மெட்டென்று தலையாட்டிவிட்டு நகர்ந்துவிட்டோம். பொருள் புரிந்த நாளில்தான் திடுக்கிட்டோம். மணமேடையில் கைவிடப்பட்டவன் கோபுரத்திலிருந்து குதிக்க எண்ணுகிறான், கடவுளை ஐயுறுகிறான், தந்தை இறந்ததையும், பின் தாய் இறந்ததையும் நினைத்து அழுகிறான். இத்தனையையும் உலாவப் போகிறவனின் நடையில், குரலை உயர்த்தாமல் சொல்லிச் செல்கிறான். துயரத்துக்குத் துயர மெட்டு கட்டாததே அப்பாட்டின் வலிமை.

இது அவர் சொந்தக் கதை என்றே பலர் நம்பினர். அவர் அதைத் திரும்பத் திரும்ப மறுத்தார். தந்தையை இளமையிலேயே இழந்தது உண்மை; ஆயினும் பாடல் வெளிவந்தபோது அவருடைய தாய் உயிருடன்தான் இருந்தார். அகத்திணை மாந்தர்க்குப் பெயர் சுட்டலாகாது என்ற தொல்காப்பிய விதியைப் படித்து வளர்ந்த நமக்கு இதில் வியப்பில்லை. பெயரற்ற 'நான்' எல்லோருக்கும் உரியவன்.

ஆனால் அதே ஆண்டின் 'கிளேர்' பெயர் சுட்டிய பாட்டு. கிளேர், மில்ஸின் சின்னஞ்சிறு மகள். மில்ஸ் கொடுத்த வீட்டில், அவர் தந்த சிறு வாரப் படியில் வாழ்ந்த ஓசல்லிவன், சில மாலைகளில் அக்குழந்தையைப் பார்த்துக்கொள்வார். பாட்டின் முடிவில் கேட்கும் சிரிப்பும் அவளுடையதே. இங்கிலாந்தில் அது முதலிடம் பெற்றது. ஒரு குடும்பத்தின் அன்பு அங்கே இசைத்தட்டாகி விற்றது. கணக்கு மட்டும் யாராலும் பேசப்படவில்லை.

பேசியபோது எல்லாம் உடைந்தது. மில்ஸின் நிறுவனங்களோடு 1970-இல் செய்துகொண்ட ஒப்பந்தங்களில் அவர் தன் தரப்பு வழக்கறிஞர் எவரையும் கலந்தாலோசியாமலே கையெழுத்திட்டிருந்தார். நம்பினார், அவ்வளவுதான். வழக்கு 1982-இல் அவருக்குச் சாதகமாகத் தீர்ந்தது. தந்தையைப் போல் நம்பப்பட்டவர் அந்நம்பிக்கையால் பெற்ற கையெழுத்தில் தகாத செல்வாக்கு இருப்பதாகவே சட்டம் கொள்ளும் என்பது அத்தீர்ப்பின் சாரம். பாடல்களின் உரிமையும் மூல ஒலிப்பதிவுகளும் படைத்தவனிடம் திரும்பின. மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை உறுதிசெய்ததோடு ஒரு திருத்தமும் செய்தது: மில்ஸ் தரப்பின் திறமைக்கும் உழைப்புக்கும் நியாயமான ஊதியத்தைக் கழித்துக்கொள்ள வேண்டும் என்றது. இத்திருத்தத்தையே நாம் பெரிதும் மதிக்கிறோம். நன்றி மறவாமையும் கணக்குக் கேட்பதும் ஒன்றையொன்று அழிப்பவை அல்ல என்பதை ஒரு நீதிமன்றம் எண்களால் எழுதிக் காட்டியது. கணக்குக் கேட்டவன் நன்றி கெட்டவன் என்று ஏசும் வழக்கம் எந்த மொழியின் எழுத்துலகுக்கும் புதிதன்று.

இரண்டாம் வழக்கு 1991-இல் நியூயார்க்கில் நடந்தது. பிஸ் மார்க்கி என்ற ராப் பாடகர் 'அலோன் அகெய்ன்' பாட்டின் பியானோ முன்னிசையை வெட்டியெடுத்துத் தம் பாட்டில் சுழலவிட்டிருந்தார். இசைவு கேட்கப்பட்டது, கிடைக்கவில்லை, ஆயினும் தொகுப்பு வெளிவந்தது. நீதிபதி டஃபி, களவாடாதே என்னும் விவிலியக் கட்டளையோடு தீர்ப்பைத் தொடங்கி, விற்பனைக்குத் தடை விதித்தார். குற்ற வழக்குக்கு இடமுண்டா என ஆராயுமாறு அரசு வழக்கறிஞருக்கும் அனுப்பினார். மார்க்கி தம் அடுத்த தொகுப்புக்கு, எல்லாத் துண்டுகளுக்கும் இசைவு பெற்றாயிற்று என்று பொருள்படும் தலைப்பையே வைத்தார்.

இவ்விரு வெற்றிகளும் ஒரே தன்மையன என்று சொல்ல நம் மனம் ஒப்பவில்லை. முதலாவதில் எளியவன் வலியவனிடமிருந்து தன் உழைப்பை மீட்டான். இரண்டாவதில் சட்டம் வென்றது. ஆனால் ஒரு கலைவடிவம் குறுகியது. நூற்றுக்கணக்கான பழைய ஒலித்துண்டுகளை ஒட்டித் தைத்துப் புதிது படைத்த ராப் இசையில், அத்தீர்ப்புக்குப் பின் ஒவ்வொரு துண்டுக்கும் இசைவும் பணமும் தேவைப்பட்டன. செல்வமுள்ள நிறுவனம் வாங்கியது, இல்லாதவன் கைவிட்டான்.

எனினும் ஓசல்லிவனைக் குறைகூற நமக்கு வாய் வரவில்லை. கேட்டு, மறுக்கப்பட்ட பின்னும் எடுத்துக்கொண்டது பிழைதான். தன் பாட்டு தன்னுடையதாக இல்லாமல் பல ஆண்டுகள் வாழ்ந்தவன், மீட்டதை இறுகப் பற்றிக்கொள்வது இயல்பு. அவ்விறுக்கத்தில் வடுவைக் காண்கிறோம், பேராசையை அல்ல. பிழை இருக்குமாயின், தனி மனிதனின் மறுப்பை ஒரு கலை முழுவதற்கும் வேலியாக்கிய தீர்ப்பில் இருக்கிறது.

மில்ஸ் 1986-இல் மறைந்தார். ஓசல்லிவன் எழுதுவதை விடவில்லை. 2018-இல் தம் பெயரையே தலைப்பாகக் கொண்டு அவர் வெளியிட்ட தொகுப்பு, நாற்பதாண்டுகளுக்கு மேற்பட்ட இடைவெளிக்குப் பின் இங்கிலாந்தின் முதல் இருபதுக்குள் அவரை மீண்டும் கொண்டுவந்தது. 'கிளேர்' பாட்டின் இறுதிச் சிரிப்பு இன்றும் கேட்கக் கிடைக்கிறது. அதைக் கேட்கும்போதெல்லாம் நமக்கு ஒன்றே தோன்றுகிறது: அன்பு இருந்த காலத்திலேயே கணக்கையும் பேசியிருந்தால், ஒருவேளை இரண்டுமே பிழைத்திருக்கும்.