வலியது ஒன்றே போதுமா?

ஒரே உள்ளீட்டுக்கு என்றும் ஒரே விடையைத் தருவது தூய சார்பு. சார்புமுறை நிரலாக்கம் இத்தூய்மையையே போற்றுகின்றது. ஆயின், கோப்பை வாசித்தல், பிழையை அறிவித்தல், தொலைவிலுள்ள கணினியிடம் தரவு கேட்டல் முதலிய பக்கவிளைவுகள் இன்றி எந்நிரலும் உலகுக்குப் பயன்படாது. இவ்விளைவுகளுக்குக் கணித வடிவம் தருமுகமாக 1989ஆம் ஆண்டில் இயூஜினியோ மோஜி மொனாட் என்னும் கருத்தைக் கையாண்டார். பிலிப் வாட்லர் அதனை நிரலாக்கத்துக்குக் கொணர்ந்தார்; ஹஸ்கெல் மொழி அதனை வரித்துக்கொண்டது. அதன்பின், விளைவுகளை இணைக்க மொனாட் ஒன்றே போதும் என்னும் வைதிகம் ஒருசாரார் மனத்தில் வேரூன்றிவிட்டது.

முதற் செயலின் விடையைக் கண்ட பின்னரே அடுத்த செயல் யாதெனத் தீர்மானிக்க மொனாட் இடமளிக்கின்றது. 2008இல் கொனர் மக்பிரைட், ரொஸ் பற்றேர்சன் ஆகியோரின் கட்டுரை விளக்கிய அப்ளிக்கேற்றிவ் பங்டர் இவ்வுரிமையை மறுக்கின்றது. செயல்கள் எவை என்பது முன்னரே வகுக்கப்படும். அவற்றின் விளைவுகள் ஒன்றுசேர்க்கப்படும். விடைகள் யாவும் இறுதியில் ஒரு தூய சார்பிடம் ஒப்படைக்கப்படும்.

“மொனாட் ஒவ்வொன்றும் அப்ளிக்கேற்றிவ் பங்டரே, வலியது இருக்க மெலியது எதற்கு?” என்பது வைதிகரின் வினா. எழுதுவோன் பெறும் இவ்வலிமை, வாசிப்போன் இழக்கும் அறிவு என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர்.

ஒரு விண்ணப்பப் படிவத்தில் பெயர், பிறந்த திகதி, அடையாள அட்டை இலக்கம் ஆகிய மூன்றும் பிழையெனக் கொள்க. மொனாட் வழியிற் சரிபார்க்கும் நிரல் முதற் பிழையுடன் நின்றுவிடும். அதனைத் திருத்தி அனுப்பினால் இரண்டாவது, அதனையும் திருத்தினால் மூன்றாவது என விண்ணப்பதாரி அலைக்கழிக்கப்படுவார். அப்ளிக்கேற்றிவ் வழியில் மூன்றையும் ஒருங்கே அறிவிக்கலாம். பிழைகளைத் திரட்டும் இவ்வடிவத்துக்கு ஒத்த மொனாட்டே இல்லை! வலியது செய்யவியலாததை மெலியது செய்கின்றது. பெயருக்கும் திகதிக்கும் இல்லாத தொடர்பை உண்டென நிரல் பொய்யுரைத்தது. அப்பொய்க்கான தண்டத்தை விண்ணப்பதாரி செலுத்தினார்.

பேஸ்புக் நிறுவனம் 2014இல் வெளியிட்ட ஹக்ஸ்ல் என்னும் நிரலகம், ஒன்றையொன்று சாராத தரவுக் கோரிக்கைகளை இவ்வடிவத்தாலேயே இனங்கண்டு ஒருங்கே அனுப்பியது. மேலும், இரு அப்ளிக்கேற்றிவ் பங்டர்களை ஒன்றனுள் ஒன்றாக அடுக்கின், விளைவதும் அப்ளிக்கேற்றிவ் பங்டரே. மொனாட்டுகளுக்கு இவ்வுறுதி பொதுவாக இல்லை.

மொனாட்டைத் துறக்குமாறு எவரும் கோரவில்லை. கணக்கின் மீதியைப் பார்த்தே பணம் வழங்குவதா எனத் தீர்மானிக்குமிடத்து அது இன்றியமையாதது. 2015இல் வெளிவந்த கிளாஸ்கோ ஹஸ்கெல் தொகுப்பியின் 7.10ஆம் பதிப்பு, மொனாட் ஆவது எதுவும் அப்ளிக்கேற்றிவ் பங்டராகவும் அமைதல் வேண்டும் என விதித்தது. மொழி மாறிவிட்டது; பழக்கமே மாறவேண்டியுள்ளது. தொடர்பு உள்ளவிடத்து அதனைக் கூறுவதும், இல்லாதவிடத்து அதனைப் புனையாது விடுவதும் கட்டுரைக்கு மட்டுமன்றி நிரலுக்கும் உரிய அறமாகும்.