வார்ஃபரினும் இரத்தப் பரீக்ஷையும்

எலிகளைக் கொல்லும் பாஷாணமும் இருதய நோயாளியின் உயிரைக் காக்கும் மருந்தும் ஒன்றே என்றால் நம்பாதவர் பலர் இருக்கக்கூடும். 1920-ஐ ஒட்டிய வருஷங்களில் கனடாவிலும் வடக்கு அமெரிக்க மாகாணங்களிலும், கெட்டுப்போன ஒருவகைத் தீவனப் புல்லைத் தின்ற மாடுகள் இரத்தம் நில்லாமல் பெருகி மடிந்தன. 1933-இல் விஸ்கான்ஸின் மாகாணத்துக் குடியானவர் ஒருவர் செத்த பசுவையும், உறையாத இரத்தம் நிறைந்த பால் பாத்திரத்தையும் கார்ல் பால் லிங்க் என்னும் இரசாயன நிபுணரின் சாலைக்குக் கொண்டுவந்தார். அங்கு தொடங்கிய ஆராய்ச்சியின் பயனே வார்ஃபரின். 1948-இல் அது எலி மருந்தாக விலைக்கு வந்தது. 1954-இல் மனிதர்க்கும் மருந்தாயிற்று.

இப்பழைய சரித்திரத்தை நாம் எடுத்துரைப்பதற்குக் காரணம் உண்டு. வாத ஜுரத்தால் இருதய வால்வு பழுதுபட்டு, உலோக வால்வு பொருத்திக்கொண்டவர் நம் நாட்டில் ஏராளம். இவர்களிற் பெரும்பாலோர் ஏழைகள். 1990-இல் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தார் தாமே ஆக்கிய சுதேசி வால்வை முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தியது நாம் பெருமை கொள்ளத்தக்கதே. ஆனால் வால்வு பொருத்தியதோடு வேலை தீர்ந்துவிடுவதில்லை. அதன்மீது இரத்தம் உறையாதிருக்க, ஆயுள் முழுவதும் வார்ஃபரினோ அதன் இனத்து அஸினோகூமராலோ உண்ண வேண்டும். அளவு குறைந்தால் பக்கவாதம். மிஞ்சினால் மூளையிலும் குடலிலும் இரத்தப் பெருக்கு. இரண்டுக்கும் இடையிலுள்ள வழி மிகக் குறுகியது. ஐ.என்.ஆர். என்னும் இரத்தப் பரீக்ஷையின் எண், பெரும்பாலோர்க்கு ஏறத்தாழ 2-க்கும் 3½-க்கும் இடையே நிற்றல் வேண்டும்.

அந்த எண் தானே நிற்பதில்லை. வயிற்றுப்போக்கிற்கு மெட்ரோனிடஸோல் உண்டாலும் அது ஏறிவிடும். மூட்டு வலிக்குக் கடைக்காரர் கொடுக்கும் மாத்திரை குடலைப் புண்ணாக்கி இரத்தப் பெருக்கை எளிதாக்கும். கீரையைத் திடீரென்று மிகுதியாகத் தின்றால் எண் இறங்கும். ஈறில் இரத்தம், கறுத்த மலம், காரணமின்றித் தோன்றும் கன்றல் இவை அபாய அறிகுறிகள் என்று நோயாளிக்குச் சொல்லியவர் யார்? மாத்திரை அட்டையிலுள்ள எச்சரிக்கை பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கிறது! நம் கிராமத்துத் தாய்மாருக்கு அதனால் என்ன பயன்?

பரீக்ஷை வேண்டாத புதிய மருந்துகள் வந்துவிட்டனவே என்பர் சிலர். உலோக வால்வு உடையவர்க்கு அவை உதவா. அவற்றுள் ஒன்றான டாபிகாட்ரானை இவர்களுக்குக் கொடுத்துப் பார்த்த சோதனை, இரத்தக் கட்டியும் இரத்தப் பெருக்கும் அதிகரித்ததால் 2012-இல் நிறுத்தப்பட்டது. ஆகவே பழைய மருந்தைத்தான் ஒழுங்காகக் கொடுத்தாக வேண்டும்.

இங்கிலாந்தில் 1 மில்லிகிராம் மாத்திரை பழுப்பு, 3 நீலம், 5 இளஞ்சிவப்பு என்று நிறம் வகுத்திருக்கிறார்கள். படிக்கத் தெரியாதவரும் அளவைத் தவறவிடுவது அரிது. நம் சர்க்கார் இதைக் கட்டாயமாக்குவதில் என்ன கஷ்டம்? காப்பீட்டுத் திட்டத்தில் வால்வு சிகிச்சைக்குப் பணம் தரும் சர்க்கார், விரல் நுனி இரத்தத்தில் சில நிமிஷங்களில் முடியும் இப்பரீக்ஷையை ஒவ்வோர் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இலவசமாகச் செய்விக்க வேண்டும். எண்ணையும் மருந்தளவையும் குறிக்கும் தமிழ்ப் புத்தகம் ஒன்றையும் நோயாளியிடம் கொடுக்க வேண்டும். ஒரு நாட்கூலியை இழந்து, பஸ் சத்தமும் கொடுத்து, பரீக்ஷைக்காகப் பட்டணம் போகும்படி ஏழையை விடுவது, பாதிச் சிகிச்சை செய்து கைவிடுவதே ஆகும். சட்டசபை அங்கத்தினர்கள் அடுத்த வரவு செலவு விவாதத்தின்போது இதைக் கேள்வியாகவே எழுப்பலாம்.