பட்டமா, பயிற்சியா?

மருத்துவருக்குத் துணைநின்று நோயாளியைக் கவனிக்கும் மருத்துவ உதவியாளருக்கு முதுகலைப் பட்டம் இருந்தே தீரவேண்டும் என வாதிடுவோர் அமெரிக்காவைக் காட்டுகிறார்கள். அங்கே 1965-இல் டியூக் பல்கலைக் கழகம் இப்படிப்பைத் தொடங்கியபோது முதலில் சேர்ந்தவர்கள் யார்? கடற்படையில் காயம் கட்டிப் பழகியவர்கள்! முதுகலை பிற்பாடு ஏறிய சுமை.

இந்தியாவில் இப்படிப்பு 1992-இல் சென்னையில் தொடங்கிற்று. 2021-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் சுகாதாரத் தொழில் வல்லுநருக்கு வகுத்த அளவு, மூன்றாண்டுக்குக் குறையாத பட்டப் படிப்பு. 3,600 மணி நேரப் பயிற்சி. முதுகலையை அது கேட்கவில்லை. நாமும் கேட்கவில்லை.

பென்னாகரத்திலிருந்து பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகும் தோழனைக் கேளுங்கள். மகன் இளங்கலை முடிப்பதற்குள் தாலிக்கொடி அடகுக்குப் போய்விடும். இன்னும் இரண்டாண்டு என்றால் எதை விற்பான்? பணம் கொட்டிப் பட்டம் வாங்கியவன்தான் சித்தேரி மலை ஏறுவானா?

1946-இல் சர் ஜோசப் போர் தலைமையிலான குழு, எல்.எம்.பி. படிப்பு வேண்டாம் என்றது. படிப்பு ஒழிந்தது. பட்டிதொட்டிகளில் அந்த எல்.எம்.பி. டாக்டர் இருந்த இடத்தில் போலி வைத்தியன் புகுந்தான்!

ஏழைக்கு அரைகுறை வைத்தியம் போதும் என்பதல்ல நம் வாதம். தேர்வு கடுமையாக இருக்கட்டும். மருத்துவரின் மேற்பார்வையும் முறையான பதிவும் கட்டாயமாகட்டும். தருமபுரியில் 2008 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மலைக் கிராமத்துப் பிள்ளைகளுக்கு அங்கே கட்டணமின்றிப் பயிற்சி கொடுங்கள். பயின்றவர்களுக்கு அவர்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே வேலை கொடுங்கள் என்று அரசை வற்புறுத்துகிறோம்.