சட்டப் பட்டம் கிடைத்துவிட்டது. அடுத்த ஒன்பது மாதம்?

கறுப்பு அங்கி அணிந்த மகனோ மகளோ நடுவில் நிற்க, இரு பக்கமும் அம்மாவும் அப்பாவும் பூரிப்போடு நிற்கும் படங்கள் நம் நாளிதழ்களில் அடிக்கடி இடம்பெறுகின்றன. வழக்கறிஞராகப் பதவியேற்ற அந்தப் பிள்ளைகளைப் பார்க்கும்போது எனக்கும் பெருமைதான். ஆனால், அந்தப் படத்துக்கு முந்தைய ஒன்பது மாதங்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகள் தடுமாறுவது பெரும்பாலும் அந்த ஒன்பது மாதங்களில்தான். கிள்ளானில் 17 ஆண்டுகளாக வழக்கறிஞராக இருப்பவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

தீபகற்ப மலேசியாவில் வழக்கறிஞர் ஆவதற்குச் சட்டப் பட்டம் மட்டும் போதாது. மலாயாப் பல்கலைக்கழகம், தேசியப் பல்கலைக்கழகம் போன்றவற்றில் பட்டம் பெற்றவர்கள் நேராகப் பயிற்சிக்குப் போகலாம். பிரிட்டன், ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளின் பல்கலைக்கழகப் பட்டம் பெற்றவர்களில் பெரும்பாலோர் முதலில் சி.எல்.பி. தேர்வில் தேற வேண்டும். அதன் பிறகு, 1976ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழில் சட்டத்தின்படி, குறைந்தது ஏழு ஆண்டு தொழில் அனுபவம் உள்ள ஒரு வழக்கறிஞரிடம் ஒன்பது மாதம் பயிற்சி பெற வேண்டும். இதைத்தான் சேம்பரிங் என்கிறோம். பயிற்சி கொடுப்பவரை மாஸ்டர் என்று அழைப்பது வழக்கம்.

நான் சேம்பரிங்கில் சேர்ந்தபோது, அலவன்ஸ் எவ்வளவு என்று கேட்கவே இல்லை. கேட்டால் மரியாதைக் குறைவாக நினைப்பார்களோ என்று பயம். இடம் கிடைத்ததே பெரிய காரியம் என்று வாயை மூடிக்கொண்டேன். முதல் மாத முடிவில் கிடைத்த பணம் அறை வாடகைக்கும் பயணச் செலவுக்கும் சரியாகப் போய்விட்டது. சாப்பாட்டுக்கு அப்பாவிடம்தான் கேட்டேன். லாரி ஓட்டிக்கொண்டிருந்த அவர், “வக்கீல் ஆயிட்டேன்னு சொன்னியேப்பா, இன்னுமா காசு வேணும்?” என்றார். கோபமாகக் கேட்கவில்லை. அவருக்கு உண்மையாகவே புரியவில்லை. பட்டமளிப்பு விழாவோடு செலவு முடிந்துவிட்டது என்று எங்கள் வீட்டில் எல்லாரும் நினைத்திருந்தோம்.

இன்றும் பல வீடுகளில் அப்படித்தான் நினைக்கிறார்கள்.

இதில் பலருக்குத் தெரியாத ஒரு விதி உண்டு. சேம்பரிங் காலத்தில், வழக்கறிஞர் மன்றத்தின் சிறப்பு எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் வேறு எந்த வேலையும் செய்யக்கூடாது. பகுதி நேர வேலைக்கும் இதே விதிதான். மாலையில் டியூஷன் எடுக்கலாம், வார இறுதியில் உணவு விநியோகம் செய்யலாம் என்று கணக்குப் போட்டு வருபவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். மாஸ்டரிடமிருந்து ஊதியம் பெற மட்டும் தடை இல்லை. ஆகவே மாஸ்டர் கொடுக்கும் அலவன்ஸ்தான் பயிற்சி மாணவரின் வருமானம். அது அலுவலகத்துக்கு அலுவலகம், ஊருக்கு ஊர் வேறுபடும்.

எனவே, முதல் ஆண்டு சட்ட மாணவர்களுக்கு நான் சொல்லும் முதல் ஆலோசனை, கணக்குப் போடுங்கள் என்பதுதான். ஓர் உதாரணத்துக்கு, கோலாலம்பூரில் அறை, சாப்பாடு, ரயில் எல்லாம் சேர்த்து மாதம் 1,500 வெள்ளி தேவை, அலவன்ஸ் 1,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். மாதம் 500 வெள்ளி துண்டு விழும். ஒன்பது மாதத்துக்கு 4,500 வெள்ளி. கடைசி நேரத்தில் இது பெரிய தொகை. ஆனால், பல்கலைக்கழக நுழைவுக்கான படிப்பையும் சேர்த்து ஐந்து ஆண்டுகள், மாதம் 75 வெள்ளி எடுத்து வைத்தால் இதே 4,500 வெள்ளி கையில் இருக்கும். உங்கள் தொகை கூடலாம், குறையலாம். கணக்கை இப்போதே போடுங்கள், வீட்டில் உட்கார்ந்து பெற்றோருடன் சேர்ந்து போடுங்கள்.

இரண்டாவது, நேர்முகத்தில் வாய் திறந்து கேளுங்கள். அலவன்ஸ் எவ்வளவு? எந்தத் தேதியில் கொடுப்பீர்கள்? பதவியேற்பு மனுவுக்கான செலவை அலுவலகம் ஏற்குமா? என் வேலையை யார் பார்த்துத் திருத்துவார்? நீதிமன்றத்துக்கு வாரத்தில் எத்தனை நாள் போவேன்? இவை நியாயமான கேள்விகள். இவற்றைக் கேட்டதற்காக உங்களை வேண்டாம் என்று சொல்லும் அலுவலகம், உள்ளே போன பிறகும் உங்களை நன்றாக நடத்தாது. நாளை கட்சிக்காரருக்காக நீதிபதியின் முன்னால் பேசப்போகிறவர், இன்று தனக்காக நான்கு கேள்வி கேட்கத் தயங்கலாமா?

மூன்றாவது, அலுவலகத்தின் பெயரை மட்டும் பார்க்காதீர்கள். கோலாலம்பூரின் பெரிய நிறுவனத்தில் இடம் கிடைத்தால் நல்லதுதான். வங்கி, நிறுவன விவகாரங்களில் நாட்டம் உள்ளவர்களுக்கு அதுவே சரியான இடம். ஆனால், அங்கே ஒரே ஒப்பந்தத்தின் பக்கங்களை வாரக்கணக்கில் சரிபார்த்துக்கொண்டிருக்கவும் நேரலாம். சிரம்பானிலோ தைப்பிங்கிலோ இருக்கும் சிறு அலுவலகத்தில் காலையில் சாலை விபத்து இழப்பீட்டு வழக்கு, மதியம் நிலப் பெயர் மாற்றம், மாலையில் உயில் என்று பலதையும் தொட்டுப் பார்க்கலாம். மூன்று மாதம் கழித்து ‘ஷார்ட் கால்’ கிடைத்தபின், குறிப்பிட்ட சில காரியங்களுக்கு நீங்களே நீதிமன்றத்தில் முன்னிலையாகலாம். சொந்த ஊரிலேயே என்றால் வாடகையும் மிச்சம். ‘ஊரிலேயே சேம்பரிங்கா?’ என்று கேட்கும் உறவினர் உங்கள் வாடகையைக் கட்டப்போவதில்லை.

இந்த முடிவை எடுக்க, இறுதி ஆண்டு வரை காத்திருக்க வேண்டாம். இரண்டாம் ஆண்டு விடுமுறையில் இரண்டு மூன்று வாரம் ஓர் அலுவலகத்தில் பயிற்சிக்குப் போங்கள். அடுத்த விடுமுறையில் வேறு வகை அலுவலகத்துக்குப் போங்கள். பொதுவிசாரணை நடக்கும் நீதிமன்றத்தில் பின்வரிசையில் உட்கார்ந்து கவனிக்க யாருடைய சிபாரிசும் தேவையில்லை. ஒரு காலைப்பொழுது மஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் உட்கார்ந்தால், இந்தத் தொழில் உங்களுக்குப் பிடிக்குமா என்பது ஓரளவு தெரிந்துவிடும்.

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பதவியேற்க மலாய்மொழித் தகுதி கட்டாயம். கீழ்நிலை நீதிமன்றங்களில் அன்றாடம் புழங்குவதும் மலாய்தான். ஆங்கிலத்தில் மட்டும் சட்டம் படித்துவிட்டு வரும் நம் பிள்ளைகள், முதல்முறை எழுந்து நிற்கும்போது வார்த்தை வராமல் தவிப்பதைப் பார்த்திருக்கிறேன். படிக்கும்போதே மலாய்த் தீர்ப்புகளை வாசியுங்கள். தமிழையும் விட்டுவிடாதீர்கள். தோட்டத்தில் வேலை செய்து ஓய்வுபெற்ற பாட்டி, தம் வீட்டு நிலப் பிரச்சினையைத் தமிழில்தான் முழுமையாகச் சொல்வார். இடையில் ஒருவர் மொழிபெயர்க்கும்போது பாதி விஷயம் காணாமல் போய்விடும். அதை நேரடியாகக் கேட்டுப் புரிந்துகொள்பவருக்கு எந்த ஊரிலும் வேலை உண்டு.

சேம்பரிங் காலத்தில் சட்ட உதவிப் பணியும் உண்டு. சிலர் இதைத் தலைவலியாக நினைக்கிறார்கள். நான் தொழிலைக் கற்றுக்கொண்டதே அங்குதான். கைது செய்யப்பட்ட ஒருவரை 24 மணி நேரத்துக்குள் மஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்கிறது நம் அரசியலமைப்புச் சட்டத்தின் 5ஆவது பிரிவு. புத்தகத்தில் அது ஒரு வரி. நீதிமன்ற வாசலில், மகனை எங்கே வைத்திருக்கிறார்கள் என்றுகூடத் தெரியாமல் நிற்கும் தாயிடம் அதை விளக்கிச் சொல்லும்போதுதான் அந்த வரியின் பொருள் நமக்கே விளங்கும்.

வழக்காடுவது மட்டும்தான் சட்டத்துறை என்பதும் இல்லை. துணை அரசு வழக்கறிஞர், வங்கி மற்றும் நிறுவனங்களின் சட்ட அதிகாரி எனப் பல வழிகள் உள்ளன. இருந்தாலும் முடிந்தவரை சேம்பரிங்கை முடித்துப் பதவியேற்றுவிட்டு மற்ற வழிக்குப் போங்கள் என்பேன். சம்பளம் வாங்கப் பழகிய பிறகு, அலவன்ஸுக்குத் திரும்பிவர மனம் வராது. குடும்பப் பொறுப்பும் கூடிவிடும்.

இனி என் சக வழக்கறிஞர்களுக்கு ஒரு வார்த்தை. ‘எங்கள் காலத்தில் இதைவிடக் குறைவாகத்தான் வாங்கினோம்’ என்று சொல்வதை நிறுத்துவோம். நாம் பட்ட கஷ்டம் அவர்களும் படவேண்டும் என்பது பயிற்சி ஆகாது. சிறு அலுவலகங்களால் அதிகம் கொடுக்க முடியாது என்பது உண்மை. நானும் சிறு அலுவலகம்தான் நடத்துகிறேன். அப்படியானால் தொகையை முன்கூட்டியே வெளிப்படையாகச் சொல்லலாம். பயணச் செலவைத் தனியாகக் கொடுக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, உட்கார்ந்து கற்றுக்கொடுக்கலாம்.

நம் சமுதாய இயக்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். பல்கலைக்கழகக் கட்டணத்துக்கு உபகாரச் சம்பளம் கொடுக்கிறீர்கள், பட்டம் பெற்றதும் மாலை போட்டுப் பாராட்டுகிறீர்கள். கொடுக்கும் உதவியில் ஒரு சிறு பகுதியை இந்த ஒன்பது மாதத்துக்கு ஒதுக்குங்கள். திருப்பித் தரவேண்டிய வட்டியில்லாக் கடனாகக் கொடுத்தாலும் போதும். பல ஆண்டு படித்த ஒரு பிள்ளை, சில ஆயிரம் வெள்ளி இல்லாமல் கடைசிப் படியில் நின்றுவிடக் கூடாது.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை சட்டம் படிக்கிறார் என்றால், பட்டமளிப்பு நாளோடு செலவுக் கணக்கை மூடிவிடாதீர்கள். இன்னும் ஒன்பது மாதத்தைச் சேர்த்து எழுதுங்கள். பட்டம் வாங்கியும் காசு கேட்கிறானே என்று மனம் வருந்த வேண்டியதில்லை. அவன் இன்னும் படித்துக்கொண்டுதான் இருக்கிறான்.