மாத்திரை வீடு வருகிறது; கேள்வி வருகிறதா?



2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தைத் தமிழக அரசு தொடங்கியது. சர்க்கரை நோய்க்கும் இரத்த அழுத்தத்திற்கும் மாத்திரை, முடங்கிப்போனவர்களுக்கு இயன்முறைச் சிகிச்சை, நோய் முற்றியவர்களுக்கு வலி தணிக்கும் பராமரிப்பு ஆகியவற்றை வீட்டுக்கே கொண்டுசெல்வது இதன் நோக்கம். 2024-இல் ஐக்கிய நாடுகள் அவையின் விருதும் இதற்குக் கிடைத்தது.

நல்ல திட்டம்தான். ஆனால் மாத்திரை மட்டும் வாசல்படி ஏறினால் போதுமா?

மருத்துவமனையில் செவிலியர் சொல்வார், நோயாளி கேட்பார். வீட்டிலோ செவிலியர்தான் விருந்தாளி. அங்கே அவர் முதலில் கேட்க வேண்டியவராகிறார். இனயம் போன்ற நம் கடற்கரை ஊர்களை நினைத்துப் பாருங்கள். ஆழ்கடலில் பல நாள் தங்கி மீன்பிடிப்பவரிடம், "வேளாவேளைக்கு ஊசி போடுங்கள்" என்று சொல்லிப் பயனென்ன? எத்தனை நாள் கடலில் இருப்பீர்கள், எந்நேரம் சாப்பிடுவீர்கள், மருந்தை எங்கே வைப்பீர்கள் என்று கேட்க வேண்டும். ஐஸ்கட்டியோடு ஒட்டிக் கிடந்து உறைந்துபோன இன்சுலின் பிறகு உதவாது. ஊசி போட்டபின் சாப்பாடு தள்ளிப்போனால் வியர்வை, நடுக்கம், தடுமாற்றம் வரும். நடுக்கடலில் அது உயிருக்கே ஆபத்து. செவிலியருக்கு இந்த அறிவு உண்டு. அது நோயாளிக்குப் பயன்படுவது அவரது வாழ்க்கையைக் கேட்டறிந்த பிறகுதான்.

புற்றுநோயாளி இருக்கும் வீட்டில் நிலைமை வேறு. "அம்மாவிடம் சொல்லிவிடாதீங்க, சிஸ்டர்" என்று பிள்ளைகள் கெஞ்சுவார்கள். அனுபவமுள்ள செவிலியர் உண்மையைப் போட்டு உடைப்பதுமில்லை, பொய் சொல்வதுமில்லை. தன் நோயைப்பற்றி அந்த அம்மா எவ்வளவு அறிய விரும்புகிறார் என்று அவரிடமே மெல்லக் கேட்பார். காது மந்தமான முதியவரிடம், "புரிந்ததா?" என்று கேட்டுத் தலையசைப்பை நம்பமாட்டார், சொன்னதை அவர் வாயாலேயே திரும்பச் சொல்லச் சொல்வார். 2017 ஒக்கிப் புயலில் உறவுகளைக் கடலுக்குக் கொடுத்த வீடுகளிலோ பேச்சைவிட மௌனமே மருந்து. யோபுவின் நண்பர்களும் ஏழு நாள் பேசாமல் உடனிருந்தபோது நல்ல ஆறுதலாகத்தான் இருந்தார்கள். வாய் திறந்தபின்தான் பாரமானார்கள்.

நம் ஆண்டவரைப் பாருங்கள். பர்த்திமேயு பார்வையற்றவர் என்பது கண்கூடு. ஆனாலும் அவருக்கு என்ன வேண்டும் என்று இயேசு கேட்டார் (மாற் 10:51). காதுகேளாதவரைக் கூட்டத்திலிருந்து தனியே அழைத்துச் சென்றார். அவருக்குப் புரியும்படி காதையும் நாவையும் தொட்டார் (மாற் 7:33). நோயாளியின் விருப்பத்திற்கும் தனிமைக்கும் அவர் மதிப்பளித்தார்.

இது செவிலியருக்கு மட்டுமான பாடமல்ல. செவிலியர் வீட்டுக்கு வரும்போது நோயாளிக்குப் பதிலாக நாமே பதில் சொல்லிவிடுகிறோமே, அது சரிதானா? விட்டுப்போன மருந்தையும் குடிப்பழக்கத்தையும் மறைக்கிறோமே, யாருக்கு நட்டம்? அன்பியத்தின் பெயரால் நோயாளியைச் சந்திக்கும் நாம், அங்கே கேட்டதை அடுத்த தெருவில் பேசாதிருக்கிறோமா?

புனித இரண்டாம் யோவான் பவுல் 1992-இல் ஏற்படுத்திய நோயுற்றோர் உலக நாளை, ஆண்டுதோறும் பிப்ரவரி 11-இல் செபத்தோடு நினைவுகூர்கிறோம். அந்தச் செபத்தோடு ஒரு பழக்கமும் தொடங்கட்டும். நோயாளியின் அருகே அமர்ந்து, அறிவுரைக்கு முன் ஒரு கேள்வி கேட்போம். பதில் வரும்வரை பொறுமையாய்க் காத்திருப்போம்.