ரெட் ஒயின் இதயத்துக்கு நல்லதா? கொஞ்சம் நீளமான இழை

பொறுமையா கடைசி வரை படிங்க.

திருத்தணியில ஓபி பார்க்கும்போது அடிக்கடி வர்ற கேள்வி இது: "சார், தினம் ஒரு கிளாஸ் ரெட் ஒயின் குடிச்சா ஹார்ட்டுக்கு நல்லதாமே?" கேட்பவர்கள் பெரும்பாலும் 45 வயதைத் தாண்டிய ஆண்கள். சிலர் "குவார்ட்டரை விட்டுட்டு ஒயினுக்கு மாறிடறேன்" என்பார்கள். சிலர் கொழுப்பு மாத்திரையை நிறுத்திவிட்டு வந்து கேட்பார்கள். இந்த இரண்டாவது வகைக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பதிலை முதலிலேயே சொல்லிடறேன். நல்லது என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. குடிக்காதவர் இதயத்தைக் காரணம் காட்டி ஆரம்பிக்க வேண்டாம்.

இந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது? 1991 நவம்பரில் அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சியில், '60 மினிட்ஸ்' நிகழ்ச்சியில் ஒரு செய்தி வந்தது. பிரெஞ்சுக்காரர்கள் வெண்ணெயும் சீஸுமா சாப்பிடறாங்க, ஆனா மாரடைப்பு கம்மியா இருக்கே, ஏன்? ஒயின்தான் காரணமா இருக்கலாம் என்றார் செர்ஜ் ரெனோ என்ற பிரெஞ்சு ஆய்வாளர். அடுத்த வருடம் அவருடைய கட்டுரை 'லான்செட்' இதழில் வந்தது. அமெரிக்காவில் ரெட் ஒயின் விற்பனை எகிறியது. 'இருக்கலாம்' என்ற சொல் எங்கேயோ உதிர்ந்து போச்சு.

பிறகு திராட்சைத் தோலில் இருக்கும் 'ரெஸ்வெரட்ரால்' என்ற பொருள் ஹீரோவானது. எலிகளுக்கு அதை மருந்தளவில் கொடுத்தபோது நல்ல பலன் தெரிந்தது உண்மை. ஆனால் அந்த அளவை ஒயினில் இருந்து எடுக்க நினைத்தால் பாட்டில் கணக்கு நூறுகளில் போகும். இந்தத் துறையில் நிறைய கட்டுரை எழுதிய கனெக்டிகட் பல்கலைக்கழகத்தின் தீபக் தாஸ், தரவுகளைத் திரித்ததாக 145 இடங்களைச் சுட்டிக்காட்டி 2012-ல் அந்தப் பல்கலைக்கழகமே அறிவித்தது.

2014-ல் வந்த இன்னொரு ஆய்வு எனக்குப் பிடித்தமானது. இத்தாலியில் ஒயினுக்கே பேர் போன கியாந்தி பகுதி. 65 வயதைத் தாண்டிய 783 பேரின் சிறுநீரில் ரெஸ்வெரட்ரால் எவ்வளவு என்று அளந்து, ஒன்பது வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். அதிகம் இருந்தவர்களுக்கும் குறைவாக இருந்தவர்களுக்கும் மரணத்திலோ, இதய நோயிலோ, புற்றுநோயிலோ வித்தியாசம் இல்லை.

அப்படியும் அந்தப் பொருள்தான் வேணும்னா, ஒரு கப் அவித்த வேர்க்கடலையில் கிட்டத்தட்ட ஒரு கிளாஸ் ஒயினில் இருக்கிற அளவு இருக்கு. பஸ் ஸ்டாண்டிலேயே கிடைக்கும். (அதுவும் மருந்தில்லை, சுண்டலுக்குப் பதிலா சாப்பிடலாம், அவ்வளவுதான்.)

"ஆனா அளவா குடிக்கறவங்க குடிக்காதவங்களைவிட அதிக நாள் வாழறதா எத்தனையோ ஆய்வு சொல்லுதே டாக்டர்?" சொல்லுது. அதில்தான் சூட்சுமம்.

நம்ம முருகன் கோயிலையே எடுத்துக்குங்க. 365 படி ஏறி வந்தவங்க ஒரு பக்கம், மலைப்பாதையில் காரில் வந்தவங்க ஒரு பக்கம். ரெண்டு கூட்டத்தோட மூட்டையும் பரிசோதிச்சா, படி ஏறினவங்க மூட்டு நல்லா இருக்கும். உடனே "படி ஏறினா மூட்டுவலி குணமாகும்" என்று எழுதலாமா? மூட்டுவலி உள்ளவங்கதான் காரில் வந்துட்டாங்களே!

குடி ஆய்விலும் இதேதான். 'குடிக்காதவர்' கூட்டத்தில், நிறைய குடித்து, உடம்பு கெட்டு, டாக்டர் திட்டி நிறுத்தினவங்களும் இருக்காங்க. 'தினம் ஒரு கிளாஸ்' கூட்டத்திலோ வசதியானவங்க, நடைப்பயிற்சி போறவங்க, வருஷா வருஷம் செக்கப் பண்றவங்க அதிகம். 2023-ல் கனடாவின் டிம் ஸ்டாக்வெல் குழு 107 ஆய்வுகளை, சுமார் 48 லட்சம் பேரின் தகவலை, இந்தக் கோளாறுகளைச் சரிசெய்து மறுபடி அலசியது. அளவான குடிக்கு இருந்ததாகச் சொன்ன ஆயுள் லாபம் காணாமல் போனது.

சரி, நம்ம ஆட்களுக்கு? 2007-ல் வந்த இன்டர்ஹார்ட் ஆய்வின்படி தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு 53 வயது வாக்கில் வருகிறது. மற்ற நாட்டவருக்கு 59. அதே ஆய்வில், மதுவால் தெற்காசியர்களுக்குப் பாதுகாப்பு எதுவும் தெரியவில்லை. 2010-ல் இந்திய ஆலைத் தொழிலாளர் குடும்பங்களில் செய்த ஆய்வில் குடிக்கும் ஆண்களுக்கு இதய நோய் கூடுதலாகவே இருந்தது. பிரான்ஸ் கதையை அப்படியே நகரி ரோட்டுக்கு இறக்குமதி செய்ய முடியாது.

நியாயமா எதிர்த்தரப்பையும் சொல்லணும். இஸ்ரேலில் 224 சர்க்கரை நோயாளிகளை வைத்து நடந்த ஆய்வில், இரண்டு வருடம் இரவு உணவோடு 150 மில்லி ரெட் ஒயின் குடித்தவர்களுக்கு நல்ல கொழுப்பு லேசாக ஏறியது. நிஜம்தான். ஆனால் நயாசின் மாத்திரையும் நல்ல கொழுப்பை ஏற்றியது, மாரடைப்பைக் குறைக்கவில்லை. ரிப்போர்ட்டில் நம்பர் ஏறுவது வேறு, ஆள் பிழைப்பது வேறு.

'அளவு' பற்றியும் ஒரு கணக்கு. 150 மில்லி ஒயினில் சுமார் 15 கிராம் ஆல்கஹால். 180 மில்லி குவார்ட்டரில் சுமார் 60 கிராம். அதாவது ஒரு குவார்ட்டர் நாலு கிளாஸ் ஒயினுக்குச் சமம். எல்லை தாண்டினா ஆந்திராவில் கடைக்குக் கடை 'ஒயின்ஸ்' போர்டுதான், உள்ளே போறவங்க வாங்கறது விஸ்கியும் பிராந்தியும். வெறும் வயித்துல, நின்னுக்கிட்டே, பத்து நிமிஷத்துல முடிக்கிற குடிக்கு 'அளவோடு' என்ற வார்த்தை பொருந்தாது. ஒயினுக்கு மாறினவர் ஒரு கிளாஸோடு நிறுத்துவார் என்று எனக்கு நம்பிக்கையும் இல்லை.

இதயத்தை மட்டும் பார்த்தா போதாது. மதுபானம் புற்றுநோயை உண்டாக்கும் என்று 1988-லேயே உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்திவிட்டது. ஒயினுக்கு விலக்கு கிடையாது. பெண்களுக்கு தினம் ஒரு கிளாஸே மார்பகப் புற்றுநோய் அபாயத்தை லேசாகக் கூட்டும். ஹான்ஸ், பீடி பழக்கமும் கூட இருந்தா வாய், தொண்டைப் புற்றுநோய் அபாயம் பல மடங்கு. சர்க்கரைக்கு கிளிமெபிரைடு, இன்சுலின் எடுக்கறவங்க சாப்பிடாம குடிச்சா ராத்திரி சர்க்கரை தாழ்ந்து மயங்கலாம். வீட்டில் இருப்பவர்கள் போதைன்னு நினைச்சு தூங்க விட்டுடுவாங்க. இது உயிருக்கே ஆபத்து.

கிறிஸ்துமஸுக்கு நண்பர் வீட்டில் அரை கிளாஸ் குடிச்சவர் பதற வேண்டாம். உங்களைத் திட்ட இதை எழுதவில்லை. மருந்துன்னு பேர் வச்சு குடிக்காதீங்க, அதை நம்பி ஸ்டாட்டினையும் பிபி மாத்திரையையும் நிறுத்தாதீங்க.

ஒரு எச்சரிக்கை. தினமும் நிறைய குடிக்கிறவர் இதைப் படிச்சுட்டு நாளைக்கே சட்டென்று நிறுத்த வேண்டாம். கை நடுக்கம், குழப்பம், வலிப்பு வரலாம். டாக்டரைப் பார்த்து, மாத்திரை உதவியோடு நிறுத்துங்க. பேச ஆள் வேணும்னா டெலி மனஸ் 14416, கட்டணம் இல்லை. வீட்டில் இருப்பவர்களும் கூப்பிடலாம்.